ஒரு கையெழுத்தோடு எடுத்த காட்சி

நம் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு கட்டு அட்டையைக் கொடுத்திருப்பார்கள். பனியனில் தொங்கவிடுகிற அட்டை அது. ஒரு பக்கம் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை, மேலே நூல் கோக்க ஓர் ஓட்டை. சினிமா எடுக்கிற இடத்தில் இது எதற்கு என்று நீங்கள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னை அந்த அட்டையைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அந்த அட்டையை ஏமாற்றிய ஒரே ஆள் நான்தான்.

என் பெயர் ஸ்டெல்லா. குண்டடம் பக்கம் பிறந்தவள். ஈஸ்வரமூர்த்தி அண்ணனும் அவர் மனைவி சாந்தாமணி அக்காவும் நடத்திய பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். அவர்கள் சினிமா கம்பெனி ஆரம்பித்தபோது என்னையும் இழுத்துக்கொண்டார்கள். தையல் பகுதியில் இருநூறு பேரை மேய்த்தவளுக்கு ஒரு படப்பிடிப்பு எம்மாத்திரம் என்று அண்ணன் நினைத்தார். அது உண்மைதான் என்று பிறகு நிரூபித்தும் காட்டினேன். தயாரிப்பு நிர்வாகி என்றால் வேறொன்றுமில்லை. ஆளும் சோறும் வண்டியும் வெயிலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து சேர வைப்பது.

சினிமாவுக்கு அவர்கள் வந்த கதை வேடிக்கையானது. தங்கள் பனியனுக்கு விளம்பரம் எடுக்க வெளியூரிலிருந்து ஒரு கோஷ்டியை வரவழைத்தார்கள். ஆடினார்கள், பாடினார்கள், மூன்று நாள் பிரியாணி சாப்பிட்டார்கள். முடிவில் படத்தைப் போட்டுப் பார்த்தால் நாயகன் ஆரம்பம் முதல் கடைசி வரை பனியனுக்கு மேல் சட்டை போட்டிருந்தான். "இத நாமளே எடுத்திருக்கலாமுங்க" என்று அக்கா சொன்னார். அண்ணன் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருந்தார். சொந்த விளம்பரத்தை எடுத்தார்கள். காதர்பேட்டை பனியன் வியாபாரிகள் பார்த்துவிட்டு எங்களுக்கும் எடுங்கள் என்றார்கள். அப்புறம் முழுப் படம். முதல் படம் வந்த சுவடு தெரியாமல் போனது. இரண்டாவது தப்பித்தது. மூன்றாவது படத்தில் நம் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது.

இப்போது அட்டைக்கு வருகிறேன். பனியன் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மாதிரிக்குத் தைத்த உருப்படியைப் பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர், பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பாமல், துணியில் கத்திரி வைக்கக் கூடாது. அக்கா அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். ரத்தாகிப்போன ஓர் ஆர்டரின் அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. நாளைக்கு என்ன காட்சி, எங்கே, எப்படி என்று அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் எழுத வேண்டும். கீழே புருஷன் ஒரு கையெழுத்து, பெண்டாட்டி ஒரு கையெழுத்து. இரண்டும் விழாமல் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது.

இது ஏன் தேவைப்பட்டது என்றால், அண்ணனுக்கு 'மாட்டேன்' என்ற சொல் வாயில் வராது. அக்காவுக்கு 'சரி' என்பது லேசில் வராது. அண்ணன் ஒருவரே நடத்தியிருந்தால் கம்பெனி ஆறு மாதத்தில் மூழ்கியிருக்கும். அக்கா ஒருவரே நடத்தியிருந்தால் ஒரு படம்கூட ஆரம்பித்திருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றுக்குத் தலையாட்டினால் அது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. வீட்டுக்குள் சினிமாப் பேச்சு கிடையாது. மகளின் காதுகுத்து விருந்தில் ஒரு பாட்டு வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பேரும் சொந்தபந்தம் முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டார்களாம். அதிலிருந்து ஆபீஸ் பேச்சு ஆபீஸோடு சரி. இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்ததை நான் மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

நான்காவது படம். தம்பியைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளி ஊரைவிட்டே போகிறான். கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அழுதுகொண்டே நடக்கிறான். அதுதான் கடைசிக் காட்சி. இயக்குநர் இளைஞர், பிடிவாதக்காரர். பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில், நிஜக் கூட்டத்தில், அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாயகனும் புதுமுகம், தாடி வேறு, யாருக்கும் அடையாளம் தெரியாது. ஒரு கேமரா வேனுக்குள், இன்னொன்று எதிர் மாடி ஜன்னலில். அட்டையில் எழுதிக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினேன்.

"எத்தன பேரு வருவாங்க?" என்றார்.

"முந்நூறு நானூறு பேரு வருவாங்கக்கா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கேமராவப் பாத்துருவாங்கக்கா. தெரியாம எடுத்தாத்தான் நல்லா வருமுன்னு டைரக்டர் சொல்றாருங்க."

அக்கா அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். "ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க நடிக்க வர்ல ஸ்டெல்லா. ஊட்டுக்குப் போறாங்க. கேட்டுட்டு எடு. இல்லீனா ஆளுங்களக் கூட்டியாந்து எடு."

கேட்டுவிட்டு எடுக்க நேரமில்லை. நாயகன் மறுநாள் ஒரு நாள்தான் இருப்பான். ஆள் கூட்டிவந்து எடுத்தால் கூட்டம் கூட்டமாக இருக்காது, கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்கிற மாதிரி இருக்கும். அதைவிட முக்கியமான காரணம் என் திமிர். ஸ்டெல்லாவிடம் கொடுத்த வேலை தேதி தவறியதில்லை என்று ஊரே சொல்லும். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு குறுக்குவழியும் எனக்கு அத்துப்படி. பையரிடமிருந்து கையெழுத்து வரத் தாமதமானால், "வாயில சொல்லிட்டாங்க, அட்டை பின்னால வருது" என்று சொல்லி கட்டிங்கை ஆரம்பித்துவிடுவோம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஒன்றும் ஆகாது.

காலையில் அண்ணனிடம் போனேன். "அக்கா வாயில சொல்லிட்டாங்கண்ணா. கையெழுத்து அப்பறம் போடறேன்னாங்க."

"சாந்தாவே சரின்னுட்டாளா? அப்ப இன்னிக்கு மழதான் வரும் போ அம்மிணி" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்று முழுக்க அக்கா பனியன் கம்பெனியில் இருந்தார், வீட்டில் போய் அண்ணன் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தது. நாயகன் எதிரே நடந்தான். எல்லாரும் அவனைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் மட்டும் நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் ஒரு பை. அழுகிறவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் நடிப்பதை மறந்து வாங்கிக் குடித்தான். அவள் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வேனுக்குள் இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆயிரம் பேரை வைத்து ஒத்திகை பார்த்தாலும் அப்படி ஒன்று வராது.

படம் வெட்டி ஒட்டி முடிந்ததும் அக்காவும் அண்ணனும் பார்த்தார்கள். அந்தக் காட்சியில் அக்கா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அண்ணன் வெளியே போனதும், தான் சொன்னபடி ஆள் கூட்டிவந்துதான் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு, "இந்தப் புள்ளைய எங்க புடிச்ச? ரொம்ப நல்லா பண்ணியிருக்குது" என்று கேட்டார்.

"துணை நடிகைங்கக்கா. புதுசு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முதலில் ஒரு பிடி சோறு போதும் என்றுதான் தோன்றும். அப்புறம் அண்டா அண்டாவாக வடிக்க வேண்டிவரும். "அந்தப் புள்ள பேரையும் போடு" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். பெயருக்கு எங்கே போவேன்?

டிரெய்லர் வெளிவந்தது. அதிலும் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு அந்தப் பெண் நம் ஆபீஸ் படியேறி வந்தாள். கையில் போனை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, இதுல இருக்கறது நாந்தானக்கா?"

தென் மாவட்டத்துப் பேச்சு. அடிக்குப் பயந்து புருஷனிடமிருந்து ஓடிவந்தவள். இரண்டு வருடமாக மண்ணரையில் ஓர் அறையில் தங்கி செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் அவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

"எங்கூர்ல பாத்துட்டாகக்கா. அண்ணிக்கிட்ட மட்டுந்தான் என் நம்பர் இருக்கு, அது போன் போட்டுச்சு. அவருக்கும் தெரிஞ்சு போச்சாம். இதுல கம்பெனி போர்டு தெரியுது, அத வச்சுத் தேடி வந்துருவாரு. போன தடவ கைய ஒடிச்சாரு. இந்தத் தடவ உசுரோட விடமாட்டாரு." போனைத் தாழ்த்தினாள். "நா என்னக்கா தப்புப் பண்ணேன்? ஒரு ஆளு அழுதுக்கிட்டுப் போறாரேன்னு தண்ணி குடுத்தேன்."

அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். அப்போது என் மனதில் முதலில் வந்தது அவள் உயிர் அல்ல. அக்காவுக்குத் தெரியாமல் இதை எப்படி முடிப்பது என்பதுதான் வந்தது. முகத்தை மட்டும் மங்கலாக்க முடியுமா என்று இயக்குநருக்குப் போன் போட்டேன். "அந்த மொகம் இல்லீனா படமே இல்லீங்க மேடம்" என்றார். மாடிப்படியில் போய் நின்றேன். அங்கே பத்து நிமிடம் நின்றிருப்பேன். உள்ளே அந்தப் பெண் டீயைத் தொடவே இல்லை. வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை திரும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. கீழே அண்ணனும் அக்காவும் காரிலிருந்து இறங்கினார்கள். படியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

"அட்டைய எடு" என்றார் அக்கா.

எடுத்துக் கொடுத்தேன். கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் வெற்றிடம். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாந்தா சொன்னான்னு சொன்னியே அம்மிணி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா என்னைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு, நாங்க உன்னையக் கேக்காம எடுத்துப்போட்டோம். தப்பு எங்களுது. இப்ப நீ சொல்லு, என்ன பண்ணோணும்?"

"என் மொகம் எங்கயும் இருக்கக் கூடாதுக்கா."

அக்கா திரும்பி, "ஏனுங்க?" என்று மட்டும் கேட்டார். இதுவரை எடுத்ததிலேயே தனக்குப் பிடித்த காட்சி இதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அண்ணன். "காட்சியவே தூக்கிர்லாம்" என்றார். புது அட்டையில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. படம் வெளியாக ஒன்பது நாள் இருந்தது.

டிரெய்லரை உடனே இறக்கினோம். யார் யார் போனில் தங்கிவிட்டதோ அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெண்ணை அறைக்குத் திரும்ப விடாமல் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். வக்கீல், மகளிர் காவல் நிலையம் எல்லாம் அக்கா பார்த்துக்கொண்டார். காட்சியைத் திரும்ப எடுக்க நாயகன் அரை நாள் ஓடிவந்தான். இந்தத் தடவை மண்ணரைக் கம்பெனியில் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டோம். பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். சரி என்றவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள். பழகிய நடிகை ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், அது தண்ணீர் பாட்டில் விளம்பரம் மாதிரி இருந்தது. அதையும் தூக்கிவிட்டோம். இன்று நீங்கள் பார்க்கிற படத்தில் அவன் தனியாகத்தான் நடந்து போகிறான்.

மூன்றாம் நாள் அந்தப் புருஷன் வந்தான். இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிவந்திருந்தான். நாங்கள் மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். அந்தப் பெண்ணும் அதே ஆபீஸில்தான் இருந்தாள். காட்சியை அழிப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்ததால் எடிட்டிங் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு மரக்கதவுதான்.

அவன் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தான். "இது எங்க வீட்டுப் பிள்ள. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. எங்க இருக்கான்னு சொன்னா கூட்டிட்டுப் போயிருவோம்" என்று போனைக் காட்டினான். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, திடமான கை. என் கண் அந்தக் கையிலேயே நின்றது.

"அது துணை நடிகைங்க. ஏஜென்ட் ஒருத்தரு சென்னையிலிருந்து அனுப்புனாருங்க. ஒரு நாள் வேலைங்க, அன்னிக்கே போயிருச்சு" என்றேன்.

"கழுத்துல பனியன் கம்பெனி அட்டை கெடக்கே?"

"நாங்கதானுங்க மாட்டி உட்டோம். படம்னா அப்படித்தானுங்க."

அவன் என்னை நம்பவில்லை. அக்காவைப் பார்த்துத் திரும்பினான். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களப் பாத்தா பெரிய குடும்பத்து ஆளாத் தெரியுது."

அக்கா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வரி அதிகாரி முன்னாலும், பையர் முன்னாலும் கேட்டதில்லை. மேசைக்குக் கீழே அவர் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

"புதுசுங்க" என்றார் அக்கா. "ரொம்ப நல்லா பண்ணுச்சு."

அண்ணன் உடனே சேர்ந்துகொண்டார். "எங்களுக்கும் அந்தப் புள்ளைய மறுபடி கூப்புடோணும்னு ஆசைதானுங்க. அந்த ஏஜென்ட்டு போனையே எடுக்க மாட்டீங்கறான். நீங்க கண்டுபுடிச்சா எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க."

அவன் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். உட்கதவையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து போனான். மண்ணரைக் கம்பெனி வாசலிலும் விசாரித்திருக்கிறான். வாட்ச்மேனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தோம், "ஆமாங்க, சூட்டிங்காரங்க வந்தாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்டதும் அக்கா தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "நீ எங்கிட்டச் சொன்ன பொய்யையே நானும் சொல்லிப்போட்டேன் ஸ்டெல்லா" என்றார். நான் அழுதேன். இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அன்றைக்கே அண்ணன் ஓர் அட்டை எடுத்தார். ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நிறுத்துவது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அக்கா பக்கம் தள்ளினார். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் என் விஷயத்தில் சொல்லிவிட்டார். நான் எதிர்க்கவில்லை. அக்கா பேனாவை எடுத்தார், திரும்ப வைத்துவிட்டார். "இவள அனுப்பிச்சுட்டா அந்தப் புள்ளைய யாருங்க பாத்துக்கறது? பண்ணுனவளே பாக்கட்டும்" என்றார். இரண்டாவது கையெழுத்து விழாததால்தான் நான் ஓய்வு பெறும் வரை இந்தக் கம்பெனியில் இருந்தேன். அந்தப் பெண் ஒரு வருடத்துக்கு மேல் என் வீட்டில் இருந்தாள். அண்ணன் என்னை மறுபடி 'அம்மிணி' என்று கூப்பிட அடுத்த படம் முடிய வேண்டியிருந்தது. அதுவரை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக நான் ஏங்கியது அவருக்குத் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது நீளமானதல்ல. நாளைக்கு உங்களிடமும் ஒரு கையெழுத்து மட்டும் விழுந்த அட்டை இருக்கும். வெயில் இறங்கிக்கொண்டிருக்கும், இயக்குநர் கெஞ்சுவார், நாயகன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றுகிற இடத்தில்தான் கட்டாயம் கேட்க வேண்டும். காட்சி போனால் போகட்டும். எனக்குத் தெரிந்து அதற்காக எந்தக் கம்பெனியும் மூழ்கியதில்லை, நம் கம்பெனி நின்றுகொண்டுதானே இருக்கிறது.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டாள், நன்றாக இருக்கிறாள், அது போதும். இதை எழுதி முடித்ததும் அவளிடம் எடுத்துக்கொண்டு போய் முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னறையில் நாங்கள் பேசியது அத்தனையும் கேட்டிருக்கிறது. அந்த ஏஜென்ட்டைப் பற்றி அண்ணன் சொன்னதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். இதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுங்கக்கா, ஆனால் ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள்.

இதில் நான் எழுதியதிலேயே நன்றாக வந்திருந்தது அந்தப் பத்திதான். எடுத்துவிட்டேன்.